எல்லை மாறினால் தலை மாறுமா?

நான் பிறந்தது வில்லியனூர், வாழ்க்கைப்பட்டது பாகூர். நாத்தனார்களில் ஒருத்தி கடலூரில், இன்னொருத்தி வளவனூரில். நல்லது கெட்டது எதற்குப் புறப்பட்டாலும், மாநில எல்லையைத் தாண்டாமல் எங்களுக்குப் பயணமே கிடையாது!

வெளியூர் சகோதரிகளுக்கு இது வேடிக்கையாக இருக்கும். புதுச்சேரி என்றால் கடலோரமாக ஒரே துண்டு நிலம் என்று நினைப்பார்கள். உண்மையில், பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் அன்று பிரித்துக்கொண்டபடி, ஒட்டுப்போட்ட சேலை மாதிரி துண்டு துண்டாகத்தான் கிடக்கின்றன எங்கள் கொம்யூன் கிராமங்கள். நடுநடுவே கடலூர், விழுப்புரம் மாவட்டத்துக் கிராமங்கள். 1954 நவம்பர் 1-ந் தேதி பிரெஞ்சு ஆட்சி கைமாறியது. அதற்கு முன் எல்லையில் சுங்கச் சோதனை எல்லாம் உண்டு என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

இப்போது அதெல்லாம் இல்லை. வில்லியனூரில் விழுப்புரம் பஸ் ஏறினால், அரியூர் வரை புதுச்சேரி, கண்டமங்கலம் தமிழ்நாடு, திருபுவனை, மதகடிப்பட்டு மறுபடியும் புதுச்சேரி, வளவனூர் திரும்பவும் தமிழ்நாடு. ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் எந்த மாநிலத்தில் இருக்கிறோம் என்றே தெரியாது!

சாலை விதி மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றுதான். 1988-ம் வருடத்து மோட்டார் வாகனச் சட்டம் நாடு முழுவதற்கும் பொது. பி.ஒய். 01 வண்டியானாலும் டி.என். 31 வண்டியானாலும், ஓட்டுபவரும் பின்னால் உட்காருபவரும் ஹெல்மெட் போடவேண்டும். ஆனால் நடைமுறை? சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2015 ஜூலை 1 முதல் தமிழ்நாட்டில் கெடுபிடி வந்தது. புதுச்சேரியில் 2019 பிப்ரவரியில் கட்டாயமாக்கினார்கள். பலத்த எதிர்ப்பு கிளம்பி, அது நிலைக்கவில்லை. பிறகு 2025 ஜனவரி 12 முதல் மறுபடியும் கட்டாயம் என்றார்கள்.

இதனால் எங்கள் பக்கத்து ஆண்களுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. பாகூரிலிருந்து கடலூர் போகும்போது முள்ளோடை வரை ஹெல்மெட் கண்ணாடியில் தொங்கும். அங்கே வண்டியை ஓரங்கட்டி மாட்டிக்கொள்வார்கள். திரும்பி வரும்போது அதே இடத்தில் கழற்றிவிடுவார்கள்!

ஒரு நாள் அங்கே பஸ்ஸுக்கு நின்றபோது ஒரு இளம் தம்பதியைப் பார்த்தேன். கணவன் அக்கறையாக ஹெல்மெட்டை மாட்டி வாரை இழுத்துவிட்டுக்கொண்டான். பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்திருந்த மனைவிக்கு ஒன்றுமில்லை. மடியில் ஒரு வயசுக் குழந்தை வேறு.

"ஏம்மா, உனக்கு ஹெல்மெட் இல்லையா?" என்றேன்.

"இதோ கடலூர்தானேக்கா. எனக்கு எதுக்கு? அவருதானே ஓட்டுறாரு" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2022-ம் ஆண்டில் ஹெல்மெட் இல்லாமல் நம் நாட்டில் உயிரிழந்தவர்கள் 50,029 பேர். அதில் 14,337 பேர் வண்டி ஓட்டியவர்களே இல்லை. பின்னால் உட்கார்ந்து போனவர்கள். அந்த இடத்தில் உட்காருவது பெரும்பாலும் யார்? நாம்தானே!

ஆப்பிரிக்காவில் ருவாண்டாவும் உகாண்டாவும் அக்கம்பக்கத்து நாடுகள். ருவாண்டாவில் சாலையின் வலது பக்கம் ஓட்டுவார்கள், உகாண்டாவில் நம்மைப் போல இடது பக்கம். எல்லையைத் தாண்டியதும் வண்டியைப் பக்கம் மாற்றித்தான் ஆகவேண்டும். ருவாண்டாவில் வாடகை மோட்டார் சைக்கிளில் ஏறுகிறவருக்கும் ஓட்டுநரே ஒரு ஹெல்மெட் எடுத்துக் கொடுக்கிறார். பின்னால் இருப்பதும் ஒரு தலைதான் என்பது அங்கே தெரிந்திருக்கிறது.

எங்கள் கிராமத்துச் சாலைகளோ சாமானியப்பட்டவை அல்ல. பாகூர் நெல்லுக்குப் பேர்போன ஊர். அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையில் நெல் காயும். இருட்டினால் பின்விளக்கு இல்லாத டிராக்டர் எதிர்பாராமல் முன்னால் நிற்கும். எல்லைக் கடைகளில் குடித்துவிட்டு வண்டியை எடுப்பவர்கள் வேறு. "இதோ பக்கத்து ஊர்" என்பதெல்லாம் பேச்சுக்குத்தான்.

தாய்மார்கள் சில விஷயங்களைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. ஹெல்மெட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு ஐ.எஸ். 4151 என்ற எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். தாடை வாரை மாட்டாவிட்டால் போட்டும் பயனில்லை. 2023 பிப்ரவரி 15 முதல், ஒன்பது மாதத்திலிருந்து நான்கு வயது வரை உள்ள குழந்தைக்கும் அளவான ஹெல்மெட் வேண்டும். நான்கு வயதுக்குள் இருக்கும் குழந்தையை ஓட்டுபவரோடு பிணைக்கும் பட்டையும் வேண்டும். வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது. பின்சக்கரத்தின் சேலைத் தடுப்பை அழகுக்காகக் கழற்ற விடாதீர்கள். முந்தானையையும் துப்பட்டாவையும் இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். பதினெட்டு நிரம்பாத பிள்ளை பைக் ஓட்டிப் பிடிபட்டால், பெற்றவர்களுக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு!

விபத்தைப் பார்த்தால் பயந்து ஒதுங்கவேண்டாம். 108 இரண்டு பக்கமும் ஒரே எண்தான். உதவி செய்கிறவரைப் பெயர், விலாசம் சொல்லும்படி யாரும் வற்புறுத்தக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. தமிழ்நாட்டு எல்லைக்குள் அடிபட்டால், எந்த ஊர்க்காரரானாலும் முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு 2021 டிசம்பரில் தொடங்கிய அரசுத் திட்டம் உண்டு. 2025 மே மாதம் மத்திய அரசும் ஏழு நாட்களுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லா சிகிச்சைக்குத் திட்டம் கொண்டுவந்திருக்கிறது.

எங்கள் வீட்டில் வண்டிச் சாவி மாட்டும் ஆணிக்குப் பக்கத்திலேயே இன்னும் இரண்டு ஆணி அடித்து, இரண்டு ஹெல்மெட்டைத் தொங்கவிட்டிருக்கிறேன். இரண்டும் இறங்காமல் சாவி இறங்காது. "பாகூர் கடைத்தெருவுக்குக் கூடவா?" என்று என்னவர் முணுமுணுப்பார். முணுமுணுத்துக்கொண்டே மாட்டிக்கொள்வார். எனக்கு அது போதும்!