கிரில் பட்டறைக்காரனின் பூங்கா டைரி

14-5-2017, ஞாயிறு

பூந்தமல்லித் தங்கை வீட்டார், அம்பத்தூரில் இருந்து நாங்கள், எல்லாருமாக ஒரு வேன் பிடித்து வெளிவட்டச் சாலை வழியாக வண்டலூர் போனோம். வார்தா புயல் அடித்து ஐந்து மாதம் ஆகிறது. உள்ளே நுழைந்ததுமே தலையில் வெயில் இறங்கியது. ஆயிரக்கணக்கில் மரம் சாய்ந்த இடமாயிற்றே. புதுக் கன்றுகளுக்குக் கம்பு நட்டுக் கட்டியிருக்கிறார்கள். வந்தவர்கள் எல்லாரும் நிழல் போச்சே என்று புலம்பினார்கள். மான்கள் பாடு அதைவிட மோசம் என்று பட்டது. முன்பெல்லாம் ஆள் சத்தம் கேட்டால் மரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். இப்போது போக இடமில்லாமல் அடுத்த ஓரத்துக்கு நகர்ந்து அங்கேயும் கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தன.

புலி இருக்கும் இடத்தில் தங்கையின் பேரன், நாலு வயசு, “கம்பி எங்க தாத்தா?” என்றான். வாழ்நாளெல்லாம் கம்பியோடு மாரடிக்கிற என்னைப் பார்த்து வேறு என்ன கேட்பான். கம்பி கிடையாது, நடுவில் அகழி. ஜெர்மனியில் ஹாம்பர்க் பக்கம் கார்ல் ஹாகன்பெக் என்கிறவர் 1907ல் இந்த அகழி முறையில் ஒரு பூங்காவையே திறந்தாராம். நம் ஊருக்கு அது பரவலாக வந்தது 1985ல், வண்டலூர் திறந்தபோதுதான். அதுவரை எங்கள் தலைமுறை பார்த்த புலிக்கெல்லாம் முகத்தில் கம்பிக் கோடு இருந்தது.

புலி படுத்துக் கிடந்தது. பக்கத்தில் ஒருவர் கைதட்டினார், விசில் அடித்தார், கடைசியில் மனைவியிடம், “தூங்குமூஞ்சிப் புலி. வா, போலாம்” என்று கிளம்பிவிட்டார். பகலில் தூங்குவதுதான் அதன் வழக்கம். நாம்தான் நேரம் தவறி வந்திருக்கிறோம்.

9-6-2021, புதன்

ஊரடங்கு. பட்டறை பூட்டிக் கிடக்கிறது. வண்டலூரில் நீலா என்கிற பெண் சிங்கம் 3ஆம் தேதி செத்துப்போனது. மற்ற சிங்கங்கள் பலவற்றுக்கும் கொரோனா. போபால் ஆய்வகத்தில் உறுதி செய்திருக்கிறார்கள். பூங்கா அப்போது மூடித்தான் இருந்தது, பார்வையாளர் கிடையாது. மிருகத்தைத் தடுக்கத்தான் இத்தனை காலமும் கம்பி வளைத்தோம். மனுஷனிடமிருந்து போகிற காற்றைத் தடுக்க யாரும் கம்பி செய்யவில்லை.

1-9-2024, ஞாயிறு

கிண்டி சிறுவர் பூங்கா. போன மாதம் 14ஆம் தேதிதான் முதலமைச்சர் திறந்து வைத்தார். சீரமைப்புக்கு 30 கோடி ரூபாய். பேரனுக்கு இப்போது பதினொன்று. “சிங்கம் இருக்கா?” என்று கேட்டான். இல்லை என்றதும் வருவதா வேண்டாமா என்று யோசித்தான். பிரியாணி வாங்கித் தருவதாகச் சொன்னதும் வந்தான்.

அம்பத்தூரில் மின்சார ரயில் ஏறி மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸில் இறங்கினோம். ஆவடி, அம்பத்தூர்க்காரர்கள் தினம் அந்தப் பிளாட்பாரத்தில் இறங்கி ஓடுகிறோம். ஊரின் பழைய மிருகக்காட்சிசாலை அதை ஒட்டினாற்போல இருந்தது என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. 1855ல் எழும்பூர் மியூசியத்தில் எட்வர்ட் பால்ஃபர் என்கிற டாக்டர் ஆரம்பித்தது. ஆற்காட்டு நவாபிடம் இருந்த மிருகங்களையும் கேட்டு வாங்கிச் சேர்த்தார். இடம் போதாமல் 1863ல் பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாற்றினார்கள். பின்னால் அதே பார்க்கில்தான் ரிப்பன் மாளிகை, விக்டோரியா ஹால், மூர் மார்க்கெட், ஸ்டேடியம் என்று ஒவ்வொன்றாக முளைத்தன. மிருகங்கள் நடுவில் மாட்டிக்கொண்டன. ஒரு பக்கம் ரயில், ஒரு பக்கம் பஸ். எங்கள் அப்பா காலத்து ஆட்கள் மியூசியத்தைச் செத்த காலேஜ் என்றும் மிருகக்காட்சிசாலையை உயிர் காலேஜ் என்றும் சொல்வார்கள். சின்ன வயதில் அங்கே போன ஞாபகத்தில் எனக்கு மிஞ்சியது மூத்திர நாற்றமும் ஒரு கரடி முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருந்ததும்தான். கரடி டான்ஸ் ஆடுது என்று எல்லாரும் சிரித்தோம். அடைபட்ட மிருகத்துக்குப் புத்தி பேதலித்தால் அப்படி ஆடும் என்று வெகுநாள் கழித்துப் படித்தேன்.

பார்க் ஸ்டேஷனில் மாறி கிண்டி, அங்கிருந்து ஆட்டோ. வாசலில் கல்லாகிப்போன மரம் ஒன்று, இரண்டு கோடி வருஷத்துக்கு முந்தையது. ஜனங்கள் அதில் சாய்ந்து போட்டோ எடுக்கிறார்கள். உள்ளே பாதை, விளையாட்டு இடம், சிற்பங்கள் எல்லாம் பளிச்சென்று இருந்தன. கூட்டத்துக்கு அது பிடித்திருக்கிறது. ஆனால் மிருகங்கள் இருக்கும் பக்கம் வந்தால் பேச்சு மாறுகிறது. காதில் விழுந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன்.

“மானும் நரியும் பாக்கவா அவ்ளோ தூரத்துல இருந்து வந்தோம்?”

“இதுக்கா முப்பது கோடி?”

“ஒண்ணுமே இல்லப்பா இந்தக் கூண்டுல.”

கடைசியாகச் சொன்னவர் நின்றது முள்ளம்பன்றிக்கு முன்னால். உள்ளே கல் அடுக்கி ஒரு பொந்து. ராத்திரியில் நடமாடுகிற பிராணி, பகலில் பொந்துக்குள் சுருண்டிருக்கும். போர்டில் அப்படித்தான் போட்டிருக்கிறது. பேரன் அதைப் படித்துவிட்டுத் தரையோடு தரையாகக் குனிந்தான். ரொம்ப நேரம் கழித்து, “தாத்தா, முள்ளு நுனி தெரியுது!” என்றான். நானும் குனிந்து பார்த்தேன். இருட்டில் கறுப்பு வெள்ளையாகக் கொஞ்சம் முள், அது மூச்சு விடுகிறபோது லேசாக விரிந்து அடங்கியது. சிங்கத்தைப் பற்றி அதற்கப்புறம் அவன் பேசவில்லை.

நான் பார்த்தது வேறு சமாச்சாரம். தொழில் புத்தி. வலைக்குக் கறுப்புப் பெயின்ட். வெள்ளையோ அலுமினியமோ அடித்தால் கண் வலையிலேயே நின்றுவிடும். கறுப்படித்தால் வலை பின்வாங்கி உள்ளே இருப்பது தெரியும். பத்திரிகைக்காரர் எவரும் இதை எழுதமாட்டார். வெல்டிங் வைத்த இடத்தில் விரலை ஓட்டிப் பார்த்தேன் (தடுப்புக் கம்பியில்தான், வலையில் இல்லை). பிசிறு நன்றாகத் தேய்த்திருக்கிறது. வீட்டு கேட்டில் பிசிறு இருந்தால் புடவை கிழியும், கூண்டில் இருந்தால் மானின் விலாவில் ஏறும். காப்பாளர் உள்ளே போகிற வழியில் இரண்டு கதவு, நடுவில் ஆள் நிற்கிற அளவு இடம். முதல் கதவைச் சாத்தித் தாழ் போட்ட பிறகுதான் அடுத்ததைத் திறக்கிறார். பின்சுவரில் ராத்திரி அறைக்கு மேலும் கீழும் ஓடுகிற ஷட்டர்; வெளியே நின்றபடியே இழுக்கலாம். மிருகத்தை யாரும் கையால் பிடிக்க வேண்டியதில்லை, குச்சியால் குத்தி விரட்ட வேண்டியதில்லை. செலவழித்த காசில் உருப்படியான பங்கு, பார்வையாளர் எவரும் எட்டிப் பார்க்காத அந்தப் பின்பக்கத்தில்தான் இருக்கிறது என்பேன்.

22-9-2024, ஞாயிறு

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பாதி நாள். சுவிட்சர்லாந்தில் ஹைனி ஹெடிகர் என்று ஒருவர், பெர்ன், பாசெல், ஜூரிக் மிருகக்காட்சிசாலைகளை நடத்தியவர், 1942லேயே இதையெல்லாம் எழுதிவிட்டார். ஒவ்வொரு பிராணிக்கும் ஒரு தூரம் உண்டு. மனுஷன் அதற்குள் வந்தால் ஓடும். கூண்டின் எந்த மூலைக்குப் போனாலும் அந்தத் தூரம் கிடைக்கவில்லை என்றால் அதற்கு நாள் பூராவும் பயம்தான். இடம் பெரிதா சிறிதா என்பதைவிட உள்ளே என்ன வைத்திருக்கிறோம் என்பதுதான் முக்கியம் என்கிறார். கூண்டு ஆர்டர் எடுக்கிறவர்கள் நீளம், அகலம், உயரம் மூன்றைத்தான் கேட்போம். நாலாவதாக ஒன்று கேட்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தந்ததில்லை.

16-11-2024, சனி

பட்டறைக்கு அம்பத்தூர் ஓ.டி. பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். மாடியில் வைக்க இரண்டடிக்கு இரண்டடி கூண்டு வேண்டும், மேலே கோபுரம் மாதிரி டிசைன். என்ன வளர்க்கப் போகிறீர்கள் என்றேன். பச்சைக்கிளி. நம் நாட்டுக் கிளியை வீட்டில் வளர்ப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் சார் என்றேன். “எங்க வீட்டுல எங்க பாட்டி காலத்துலேர்ந்து வளக்கறோம்” என்றார். செய்ய முடியாது என்று அனுப்பிவிட்டேன். மனைவி, “தீபாவளிச் செலவு இன்னும் அடையல, ஞாபகம் இருக்கட்டும்” என்றாள். இருக்கிறது.

சாயந்திரம் ஆவடி பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நடை. ஏரிக்கு நடுவே திட்டு, அதில் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தன. அதை யாரும் பார்க்கவில்லை, எல்லாரும் கைபேசியில் அடி எண்ணிக்கொண்டு வேகவேகமாக நடக்கிறார்கள்.

16-1-2025, வியாழன், காணும் பொங்கல்

தங்கை பிடிவாதம், கிண்டிக்குப் போயே ஆக வேண்டும் என்று. போரூரில் மெட்ரோ வேலை; பஸ் நத்தையாக ஊர்ந்தது. கிண்டியில் கால் வைக்க இடமில்லை. பாம்புப் பண்ணை வரிசையும் பூங்கா வரிசையும் ஒன்றோடொன்று கலந்து, எது எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. ரோமுலஸ் விட்டேக்கர் 1972ல் இந்தப் பக்கம் பாம்புப் பண்ணையைக் கொண்டுவந்ததிலிருந்து இரண்டையும் ஒரே மூச்சில் பார்ப்பதுதான் பொங்கல் வழக்கம். கட்டுச்சோறு, புளியோதரை, கரும்பு, பலூன். கூட்டத்தை நான் குறை சொல்லமாட்டேன். எங்கள் ஏரியாக்காரர்கள் குடும்பத்தோடு போய் மரத்தடியில் உட்கார இதைவிட மலிவான இடம் எது?

குறை வேறு. வெளிமான் இருக்கும் இடத்தில் ஒரு கரும்புத் துண்டு பறந்து வந்து விழுந்தது. கறுத்த கிடா ஒன்று தலையைத் தூக்கி, முறுக்கிய கொம்பைப் பின்னால் சாய்த்துக்கொண்டு மந்தையோடு பின்னால் ஒதுங்கிவிட்டது. உடனே, “வரவே மாட்டேங்குது” என்று இன்னொரு துண்டு. எறிந்தவர் கெட்டவர் இல்லை. தான் தின்பதை மானுக்கும் கொடுக்கிற மனசு. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் ஆயிற்றே. ஆனால் மிருகக்காட்சிசாலையில் மிருகத்துக்குத் தீனி போடுவது, சீண்டுவது, சத்தம் போட்டு மிரட்டுவது, குப்பை போடுவது எல்லாமே சட்டத்தில் 38-ஜே பிரிவின்படி குற்றம் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். சொன்னேன். “நீ இன்னா பார்க் ஓனரா?” என்றார். அப்புறம் சீருடையில் ஒரு அம்மா வந்து, “அண்ணே, அதுக்கு வயிறு வலிச்சா ராத்திரி பூரா நாங்கதான் முழிச்சிருக்கணும்” என்றார். எறிந்தவர் மீதிக் கரும்பைத் தன் பிள்ளை கையில் கொடுத்துவிட்டு நகர்ந்தார். சட்டத்தைவிட அந்த அம்மா பேச்சு பலித்தது.

கூழைக்கடாவுக்குப் போட்ட மீனை ஒரு காக்கா லவட்டிக்கொண்டு பறந்தது. அன்றைக்குப் பிள்ளைகள் அதிகம் சிரித்தது அதற்குத்தான். காக்கா டிக்கெட் கணக்கில் வராது.

2-7-2025, புதன்

வேலை நாள் காலை. பேரன் பள்ளிக்கூடம் போய்விட்டான், நான் மட்டும். கிண்டிப் பூங்காவைத் திறந்த கையோடு உள்ளே போனேன். ஐந்தாறு பேர்தான். போன வருஷம் நட்ட செடிகள் வேலியோரம் இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்டன. வெளிமான்களில் பாதி அதற்குப் பின்னால். கொம்பு நுனி மட்டும் தெரிகிறது. நரி சுவரோரமாக மோந்துகொண்டே ஒரு சுற்று வந்து, மண்ணைக் கிளறி எதையோ எடுத்துத் தின்றது. மண்தரை என்பதால்தான் கிளற முடிகிறது. கழுவ வசதி என்று சிமென்ட் போட்டிருந்தால் படுத்துத்தான் கிடக்கும். பெருக்கிக்கொண்டிருந்தவர், “கூட்டம் இல்லேன்னா இதுங்க நல்லா விளையாடும் சார்” என்றார்.

கல்லூரிப் பையன்கள் இருவர் கடந்து போனார்கள். “மானே தெரியல மச்சான், ஒரே செடியா வளத்து வுட்டிருக்கானுங்க” என்றான் ஒருவன். அந்தப் பையன் வாயால் பூங்காவுக்கு நல்ல சான்றிதழ் கிடைத்துவிட்டது. செடி வளர்ந்ததும் மான் அதன் பின்னால் போகத் தெரிந்துகொண்டதும்தான் இந்த ஒரு வருஷத்தில் நடந்த முன்னேற்றம். விளையாட்டு இடம் முன்னேற்றம் என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன், அது அம்பத்தூரிலேயே தெருவுக்கு ஒன்று இருக்கிறது.

ஒரு குறை பாக்கி. போர்டுகளில் பெயர், உணவு, ஆயுள் எல்லாம் இருக்கிறது. எந்த நேரத்தில் வந்தால் பார்க்கலாம், எங்கே நின்று தேட வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் ‘ஒண்ணுமே இல்ல’ என்று திரும்புகிறவர்களில் பாதிப் பேர் நிற்பார்கள். வரைந்து கொடுத்தால் போர்டு நானே இலவசமாகச் செய்து தருகிறேன் என்று அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

போகிறவர்கள் காலையில் திறக்கிற நேரத்துக்குப் போங்கள், காணும் பொங்கலுக்கு வேறு இடம் பாருங்கள். ஒரு கூண்டு முன்னால் பத்து நிமிஷம் சும்மா நில்லுங்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை.