மூன்று விரல்கள்

"யாருடா இது?"

சட்டம் போட்டு, சுற்றிய பிளாஸ்டிக் தாளைக்கூடப் பிரிக்காமல் கொண்டுவந்து கொடுத்த படத்தைப் பார்த்து அம்மா கேட்ட முதல் கேள்வி இதுதான். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா யாரு?"

பாட்டி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அம்மாவைப் பெற்ற பாட்டி 1994-இல் இறந்துபோனார். நான் பிறக்க இன்னும் மூன்று வருடம் இருந்தது. மஸ்ஜித் தானாவுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவியவர். இப்போது அங்கே செம்பனை. லயம் இருந்த இடத்தை அம்மா காட்டினால்தான் எனக்குத் தெரியும், அதுவும் ஒரு முருங்கை மரத்தை அடையாளம் வைத்து. வீட்டு ஹாலில் தாத்தா படம் மட்டும் தொங்கும். பாட்டிக்குப் படம் கிடையாது. திதியன்று தாத்தா படத்துக்குப் பக்கத்தில் ஒரு புடவையை மடித்து வைத்து அம்மா விளக்கேற்றுவார். பாட்டி போன நேரத்தில் தோட்டத்தைவிட்டுக் காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் வந்திருந்ததாம். ஐசியை வழக்கம்போலப் பதிவிலாகாவில் ஒப்படைத்துவிட்டார்கள். அதிலிருந்து ஒரு படம் எடுத்துவைக்கலாமே என்று அந்தக் குழப்பத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

மிஞ்சியது ஒன்றே ஒன்று. பெரட்டுக்களத்தில் எடுத்த கூட்டுப்படம். பின்னால் நீல மையில் 1969 என்று கிராணி எழுதியிருக்கிறார். அஞ்சலட்டை அளவு, பதினேழு பேர். பின்வரிசையில் இடப்பக்கத்திலிருந்து இரண்டாவது பாட்டி. முகம் என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது.

இந்த வருடத் திதிக்குள் பாட்டிக்கும் ஒரு படம் மாட்டிவிட வேண்டும் என்று நான் நினைத்ததற்குக் காரணம் பாசம் என்றால் பாதிப் பொய். புதிதாக ஒரு கைப்பேசி வாங்கியிருந்தேன். நாலாயிரத்துச் சொச்சம் வெள்ளி, இருபத்து நாலு மாதத் தவணை. பி.டி.பி.டி.என். கடனே இன்னும் பாதி நிற்கிறது. அவ்வளவு காசு கொடுத்ததற்கு அது ஏதாவது செய்ய வேண்டாமா?

வாங்கிய முதல் வாரம் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். தஞ்சோங் பிடாரா கடற்கரையில் எடுத்த படத்தில் குப்பைத்தொட்டியை அழித்தேன். நண்பனின் தலையில் கொம்பு வைத்தேன். அலுவலகப் படத்தின் வானத்தை மாற்றினேன். இரண்டாவது வாரம் ஒன்றும் செய்யவில்லை. என்னோடு வேலை செய்யும் நாலைந்து பேரைக் கேட்டேன், எல்லாருக்கும் அதே கதைதான். 2024 ஜனவரியில் சாம்சங் எஸ்24 வந்தபோது விளம்பரம் முழுக்க ஏஐதான். அந்த வசதிகள் 2025 கடைசிவரை இலவசம் என்று பொடி எழுத்தில் ஒரு குறிப்பும் இருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஐபோன் 16 ஆப்பிள் இன்டலிஜென்ஸின் பெயரைச் சொல்லி விற்பனைக்கு வந்தது. பெட்டியைத் திறந்தால் உள்ளே அது இல்லை. முதல் துண்டு அக்டோபர் கடைசியில் வந்தது, படம் வரைகிற செயலி டிசம்பரில் வந்தது. வந்த பிறகும் அது வரைந்தது என்ன? பொம்மைப்படம்.

இது தெரிந்துதான் நானும் வாங்கினேன். குறை சொல்ல எனக்குப் பெரிய யோக்கியதை இல்லை.

கூட்டுப்படத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்து கைப்பேசியால் எடுத்தேன். பாட்டியை மட்டும் வெட்டினேன். பக்கத்தில் ஓர் அம்மா ஒட்டி நின்றிருந்தார். அவரை விரலால் சுற்றி ஒரு கோடு போட்டு அழித்தேன். பிறகு 'மேம்படுத்து'. பன்னிரண்டு விநாடி இருக்கும். மங்கலாக இருந்த இடத்திலிருந்து ஒரு முகம் எழுந்து வந்தபோது எனக்கு உண்மையிலேயே மயிர்க்கூச்செறிந்தது. இமைமுடி தெரிந்தது. உதட்டு வரி தெரிந்தது. தாமான் கடை வரிசையில் இருக்கும் படக்கடைக்கு அன்றைக்கே அனுப்பி, ஓரத்தில் ஏஐ என்று காட்டும் சின்ன அடையாளம் மட்டும் சட்டத்துக்குள் மறைகிற மாதிரி வெட்டச் சொன்னேன். அந்த அடையாளத்தை ஏன் மறைக்கச் சொன்னேன் என்று அப்போதே என்னை நான் கேட்டிருக்கலாம்.

அம்மா ஒவ்வொன்றாகக் கேட்டார். மூக்குத்தி எங்கே? இடது தாடையில் மச்சம் இருக்குமே, அது எங்கே? பாட்டிக்கு முன்பல் லேசாகத் தூக்கலாம், அதனால் படம் எடுக்கும்போது உதட்டை இறுக்கி மூடிக்கொள்வாராம். இதில் பல்வரிசை தெரியச் சிரிக்கிறார். "அம்மா இந்தக் கலரே இல்லடா. வெயில்ல நின்னவங்க." குரலில் கோபம் இல்லை. படத்தைத் திரும்பத் தாளில் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சிம்பாங் அம்பாட்டிலிருந்து சின்னம்மா வந்தார். அவருக்குப் படம் பிடித்துப்போனது. "எவ்ளோ லட்சணமா இருக்காங்க! எனக்கு அனுப்புடா." அனுப்பினேன். சாயங்காலத்துக்குள் குடும்ப வாட்சப் குழுவில் நாற்பது இதயங்கள். சின்னம்மா அதைத் தன் முகப்புப் படமாகவே வைத்துக்கொண்டார். இரண்டு நாள் கழித்து அவர் சாதாரணமாகச் சொன்ன ஒரு வாக்கியம்தான் என்னைத் தூங்கவிடவில்லை: "எனக்கு அம்மா முகம் மங்கிப்போயிருந்துச்சுடா. இப்ப கண்ண மூடுனா இந்த மொகந்தான் வருது."

நான் டுரியான் துங்கலில் உத்தேமில் மின்னணுப் பொறியியல் படித்தவன். இப்போது ஒரு சிப் தொழிற்சாலையில் வேலை. எங்கள் வரிசையில் ஒரு கேமரா இயந்திரம் தலைமுடியைவிட மெல்லிய கம்பிகளைப் படமெடுத்து, ஒட்டு சரியாக இருக்கிறதா என்று பார்க்கும். படம் மங்கலாக விழுந்தால் அந்த இயந்திரம் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: தெரியவில்லை என்று சொல்லி ஒதுக்கிவைப்பது. "கம்பி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்" என்று தானே வரைந்துகொண்டு பாஸ் போட்டால் மறுநாள் நான் எட்டு-டி அறிக்கை எழுத வேண்டியிருக்கும். ராத்திரி பூராவும் இதற்குச் சம்பளம் வாங்கிவிட்டு, வீட்டுக்கு வந்து பாட்டி முகத்துக்கு நானே பாஸ் போட்டிருக்கிறேன்.

பாட்டியின் முகம் அந்தக் கோப்பில் ஏறக்குறைய நாற்பதுக்கு ஐம்பது புள்ளி. அதில் மச்சம் இல்லை. அச்சின் சொரசொரப்பில் எப்போதோ கரைந்துவிட்டது. இல்லாத தகவலை எந்த மென்பொருளும் மீட்க முடியாது. மேம்படுத்து என்பது அந்த இடத்தில் இன்னொன்றை வைப்பது. தான் பார்த்த லட்சக்கணக்கான முகங்களில் இந்த மங்கலுக்குப் பொருந்துகிற ஒன்றை அது செய்கிறது. 2020-இல் டியூக் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட 'பல்ஸ்' என்ற கருவியில் யாரோ ஒருவர் ஒபாமாவின் படத்தைக் கட்டம் கட்டமாகக் குறைத்துப் போட்டார். வெளியே வந்தது ஒரு வெள்ளைக்காரர். அதன் அடியில் இருந்த மாதிரியைப் பழக்கியது பிளிக்கரிலிருந்து எடுத்த 70,000 முகங்களை வைத்து. பிளிக்கரில் யார் படம் ஏற்றுவார்கள்? 1969-இல் மலாக்காவில் பால்வாளி தூக்கியவர்கள் நிச்சயமாக இல்லை. பிலிம் காலத்திலும் நம் நிறத்துக்கு இதே கதைதான். கோடக்கின் வண்ண அளவுகோல் வெள்ளைத் தோலுக்கு வைத்தது. அடர்நிறச் சாக்லேட்டும் மரச்சாமான்களும் சரியாக விழவில்லை என்று அந்த வியாபாரிகள் முறையிட்டதுதான் பிலிமை மாற்றவைத்தவற்றில் ஒன்று என்று லோர்னா ராத் என்ற கனடிய ஆய்வாளர் எழுதியிருக்கிறார். மனிதர்களுக்கு முன்னால் சாக்லேட்டின் குறை காதில் விழுந்திருக்கிறது.

2023 மார்ச்சில் நடந்த நிலாச் சண்டை சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். ஒருவர் நிலாவின் படத்தை வேண்டுமென்றே 170-க்கு 170 புள்ளியாகச் சுருக்கி, மங்கலாக்கி, கணினித் திரையில் வைத்து, விளக்கை அணைத்துவிட்டுத் தூரத்திலிருந்து சாம்சங் கைப்பேசியால் எடுத்தார். திரையில் இல்லாத பள்ளங்கள் படத்தில் இருந்தன. நிலா என்று அடையாளம் கண்டுகொண்டால் விவரங்களைக் கூட்டுவோம் என்று நிறுவனமும் விளக்கம் கொடுத்தது. எனக்கு அந்தச் சண்டையில் பெரிய ஈடுபாடு வந்ததில்லை. நிலா பூமிக்கு எப்போதும் ஒரே முகத்தைத்தான் காட்டுகிறது. ஆயிரம் பேர் எடுத்த நிலாவிலிருந்து என் நிலாவை நிரப்பினால் அது ஏறக்குறைய சரியாகவே வரும். பாட்டியை ஆயிரம் பேர் எடுக்கவில்லை.

கோபத்தில் இன்னொரு சோதனையும் செய்தேன். 1960களில் மலாயாவில் பால்மரம் சீவும் தமிழ்ப் பெண் என்று ஆங்கிலத்தில் எழுதிக் கேட்டேன் (தமிழில் கேட்டதற்கு ஒரு கோயில் கோபுரம் வந்தது). பட்டுப்புடவை, மல்லிகைப்பூ, கையில் தேங்காய் வெட்டுகிற மாதிரி ஓர் அரிவாள். மரத்தில் மங்குக்குப் பதில் ஒரு வாளி தொங்கியது. சின்ன வயதில் பாட்டியோடு நிரைக்குப் போன அம்மா அதைப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "கோடு இப்படிப் படுத்துக் கெடந்தா பால் எப்படிடா எறங்கும்? மேல இடப்பக்கம் ஆரம்பிச்சு சாய்வா வலப்பக்கம் எறக்கணும். இவள கங்காணி மொத நாளே வீட்டுக்கு அனுப்பிருவாரு."

அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் தாத்தா படத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. ஹாலில் இருக்கும் தாத்தா கோட்டு, டை போட்டிருக்கிறார். வாழ்க்கையில் ஒரு நாளும் கோட்டு போடாதவர். "அதுவும் பொய்தானேம்மா?" என்றேன். கொஞ்சம் ஜெயித்துவிடலாம் என்ற நினைப்பு.

"அது ஸ்டுடியோக்காரரு வரைஞ்சது" என்றார் அம்மா. 1978-இல் தாத்தா இறந்தபோது, ஐசியை ஒப்படைக்கும் முன்னால் பெரிய மாமா அதை எடுத்துக்கொண்டு மலாக்கா பட்டணத்துக்குப் பஸ் ஏறினாராம். அம்மாவும் கூடப் போயிருக்கிறார், பதின்மூன்று வயது. ஸ்டுடியோக்காரர் அந்தத் தபால்தலை அளவுப் படத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டாராம். எந்தக் கண்ணு சின்னது? நெத்தியில தழும்பு ஏதும் உண்டா? காது கடுக்கன் போட்ட காதா? கோட்டு வேணுமா, ஜிப்பா வேணுமா? கோட்டு என்று சொன்னது மாமாதான். தழும்பைப் பற்றிச் சொன்னது அம்மா. புருவத்துக்கு மேலே, மாடு முட்டியது. இத்தனை வருடம் அந்தப் படத்துக்குக் கீழே சோறு சாப்பிட்டிருக்கிறேன், அந்தத் தழும்பை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

என் கைப்பேசி எதையும் கேட்கவில்லை. நானும் அம்மாவைக் கேட்கவில்லை. சமையல்கட்டில்தான் இருந்தார், பத்தடி தூரத்தில்.

அலமாரியிலிருந்து பாட்டி படத்தை மறுபடி எடுத்து வரச் சொன்னார். "இது என்ன டிசைன்னு கேக்கணும்னு நெனச்சேன்." வலது தோளில் சேலைக் கரையோரம் மூன்று மாங்காய்ப் பூப்போல ஏதோ இருந்தது. நான் கவனிக்கவே இல்லை. கூட்டுப்படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பக்கத்தில் நின்ற அம்மா பாட்டியின் முதுகுக்குப் பின்னால் கையைக் கொடுத்து அணைத்திருக்கிறார். அந்தக் கையின் மூன்று விரல்கள் பாட்டியின் தோளில் தெரிகின்றன. ஆளை அழித்த கைப்பேசிக்கு அந்த விரல்கள் யாருடையவை என்று தெரியவில்லை. அழகாகப் பூ ஆக்கிவிட்டது.

"அது சேலத்தக்கா" என்றார் அம்மா.

பேர் அம்மாவுக்குத் தெரியாது. பாட்டி அப்படித்தான் சொல்வாராம். பக்கத்து நிரை, பக்கத்து வீடு. அம்மா பிறந்தபோது பிரசவம் பார்த்தவரும் அவர்தான். அவர் புருஷனுக்கும் அவருக்கும் சிவப்பு ஐசி. 1968-இல் வந்த சட்டத்தால் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வாங்க வேண்டியதானது. அவர்களுக்குப் பெர்மிட் கிடைக்கவில்லை. கிராணி படம் எடுத்த மறுவருடம், சாமான்களை விற்றுவிட்டு, கிள்ளானில் ரஜூலா கப்பலேறிப் போய்விட்டார்களாம். ஒரு கடிதம் வந்திருக்கிறது. பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பதில் எழுதிக் கொடுக்க ஆள் பார்த்துக்கொண்டே இருந்தாராம்.

"அம்மா அந்தப் போட்டோவ வெச்சிருந்ததே அவங்களுக்காகத்தான். தன் மொகத்த யாரு பாக்கப் போறா?"

திங்கட்கிழமை அலுவலகத்துக்குக் கூட்டுப்படத்தை எடுத்துப்போய் மதிய வேளையில் ஸ்கேனரில் வைத்தேன். அங்குலத்துக்கு 1200 புள்ளி, திருத்தம் எதுவும் இல்லை. ஏ3 அளவில் அச்சிட்டேன். பாட்டி முகம் இப்போதும் மங்கல்தான். மூக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கிறது. மூக்குத்தி என்கிறார் அம்மா, அச்சுக் கோளாறாகவும் இருக்கலாம். சின்னம்மாவிடம் முகப்புப் படத்தை மாற்றச் சொல்லிக் கேட்டேன். சரி என்றார். இன்னும் மாற்றவில்லை. ரெண்டாம் தடவை கேட்க எனக்கு மனசு வரவில்லை.

திதியன்று பதினேழு பேரையும் தாத்தா பக்கத்தில் மாட்டினோம். மாலை போட்டாயிற்று. அம்மா குங்குமத்தைத் தொட்டு விரலைக் கண்ணாடிவரை கொண்டுபோனார், நிறுத்தினார். பாட்டி முகத்தில் பொட்டு வைத்தால் பக்கத்து முகத்திலும் படும்.

"அவங்க உசுரோட இருந்தா?" என்றார்.

கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, மரச்சட்டத்தின் மேல்விளிம்பில் பொட்டை வைத்தார்.