பூனைக்கண்



ஜாசினில் எங்கள் வீட்டின் பின்புறம் செம்பனைத் தோட்டம். எலிகளுக்குப் பஞ்சமில்லை, எங்கள் பூனைக்கு இரவெல்லாம் வேட்டைதான். கைவிளக்கை அடித்தால் அதன் கண்கள் பச்சையாக ஒளிரும். விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போன்ற படலம் ஒன்று உண்டு. அது ஒளியைத் திருப்பி அனுப்புவதால், மங்கிய வெளிச்சமே பூனைக்குப் போதுமானதாகிறது.

மனிதக் கண்ணில் அப்படலம் இல்லை. ஒளிப்படத்தில் பிளாஷ் பட்டு நம் கண்மணி சிவப்பாகத் தெரிவது இயல்பு. ஆனால், குழந்தையின் கண்மணி பூனைக்கண்போல் வெள்ளையாகப் பளிச்சிட்டால் அதனைப் பொருட்படுத்த வேண்டும். படம் எடுத்த கோணமும் காரணமாகலாம். கண்புரையாகவோ விழித்திரைப் புற்றுநோயாகவோ இருக்கவும் கூடும். நம் பாட்டிமார் 'பூனைக்கண்' என்று சொல்லும் வெளிர்நிறக் கண் வேறு. அது பிறவி நிறம், நோயன்று.

இப்புற்றுநோய் பெரும்பாலும் 5 வயதுக்குள் தோன்றுவது. மறுகண் நன்றாகத் தெரிவதால் குழந்தை எதுவும் சொல்லாது. ஆகவே, ஆண்டு ஒன்றில் எழுத்துப் பலகையைக் காட்டிப் பார்வையைச் சோதிக்கும்வரை காத்திருத்தல் ஆகாது. அப்படத்தையும் எடுத்துக்கொண்டு உடனே கண் கிளினிக்கிற்குச் செல்லுங்கள். சொட்டு மருந்திட்டுக் கண்மணியை விரியச் செய்து, விழித்திரையை ஆராய்வார்கள். முன்கூட்டியே கண்டறிந்தால் உயிரைக் காக்கலாம். பல வேளைகளில் கண்ணையும் காக்கலாம்.

பாலர் பள்ளிப் படங்கள் கைக்கு வரும்போதெல்லாம், சிரிப்பைப் பார்க்குமுன் கண்மணிகளைப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது. நீங்களும் பாருங்கள்.