வர்ணக் குச்சிகளின் குடும்பம்

மரமில்லாத பென்ஸில் என்று சொன்னால் நேயர்களில் சிலர் சிரிக்கக்கூடும். புளி இல்லாத புளியோதரை என்பது போல அது காதில் விழும். ஆயினும் அப்படி ஒரு வஸ்து மெய்யாகவே இருக்கிறது. பார்வைக்கு அது சாதாரண வர்ணப் பென்ஸிலைப் போலத்தான். வெளியே மெல்லிய மெருகுப் பூச்சு ஒன்று உண்டு. அதற்குள்ளே அடி முதல் நுனி வரையில் வர்ணத்தைத் தவிர வேறொன்றும் கிடையாது.

இதன் அருமை கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். மரப் பென்ஸிலின் குறுக்களவு சுமார் 7 மில்லிமீட்டர். அதன் நடுவே ஓடும் வர்ணக் குச்சியின் குறுக்களவு மூன்றரை என்று வைத்துக்கொள்ளலாம். குறுக்களவு பாதியானால் பரப்பு கால் பங்கு ஆகிவிடும். ஆக, நாம் வர்ணம் என்று நினைத்து வாங்குவதில் முக்கால் பங்கு மரம்! சீவச் சீவக் குப்பைக் கூடைக்குப் போவது அந்த முக்கால் பங்குதான். மரமில்லாத குச்சியிலோ சீவி விழும் தூளும் வர்ணமே. அதைச் சிறு டப்பியில் சேர்த்து வைத்துக்கொண்டு, பஞ்சினால் தொட்டுக் காகிதத்தில் தேய்த்தால் மாலை வானம் பத்து நிமிஷத்தில் தயாராகிவிடும். குச்சியைப் படுக்க வைத்து இழுத்தால் ஒரே இழுப்பில் ஓர் அகலமான பட்டை விழும். நுனியினால் எழுதினால் மயிரிழை போன்ற கோடும் வரும்.

வர்ணப்பொடி, வெண்களிமண், மெழுகு, கொஞ்சம் பசை: இவ்வளவுதான் சரக்கு. கறுப்புப் பென்ஸிலைக் களிமண்ணும் கிராபைட்டும் கலந்து சூளையில் சுடுவார்கள். 1795-இல் கோந்தே என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்த வழி அது. வர்ணக் குச்சியைச் சுட முடியாது. சுட்டால் சாயம் போய்விடும். ஆகையால் அது உலர்த்தப்படுவதோடு சரி. அதன் பலவீனமும் இதிலேதான் இருக்கிறது.

நம் வீட்டுக்கு வந்து சேர்ந்த 24 குச்சிகள் செக் தேசத்திலிருந்து வந்தவை. ஜோஸப் ஹார்ட்முத் என்பவர் 1790-இல் வியன்னாவில் தொடங்கி, 1848-இல் புட்வைஸ் என்று அப்போது வழங்கிய ஊருக்குக் குடிபெயர்ந்த தொழிற்சாலையின் சரக்கு. பெட்டியின் மேலே பெரிய எழுத்தில் போட்டிருக்கும் பெயர் 'கோஹினூர்'. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தங்கள் உயர்ந்த ரகப் பென்ஸிலுக்கு அவர்கள் சூட்டிய பெயர் அது. பிற்பாடு கம்பெனிக்கே அதுதான் பெயராயிற்று. கரியும் வைரமும் ஒரே வம்சம் ஆகையால் கறுப்புப் பென்ஸிலுக்கு அந்தப் பெயர் பொருத்தம்தான். ஆனால் 1849-இல் பத்து வயதுப் பாலகனான மகாராஜா துலீப் சிங்கிடமிருந்து பஞ்சாப் ராஜ்யத்தோடு சேர்த்து வாங்கிக்கொண்ட அந்த வைரம் லண்டன் கோட்டையில் இருக்கிறது. பெயரோ செக் தேசத்துப் பென்ஸில் பெட்டியின் மேல் இருக்கிறது. நமக்குக் கிடைத்தவை 24 குச்சிகள். அவற்றுக்கும் நாம் விலை கொடுத்திருக்கிறோம்.

போகட்டும். பலவீனம் என்று சொன்னோமல்லவா? மரத்தின் காவல் இல்லாத குச்சி, மேஜையிலிருந்து ஒரு தடவை விழுந்தால் இரண்டாகும். மறு தடவை நான்காகும். மற்றப் பென்ஸில்களைப் போல் டம்ளரில் கொத்தாகப் போட்டு வைத்தால் ஒன்றோடொன்று முட்டி நுனிகள் உதிர்ந்துவிடும். மெழுகு கலந்த பண்டமாகையால் வெயில் அடிக்கும் ஜன்னலோரத்தில் வைப்பதும் நல்லதன்று. பழைய நூல் புடவை ஒன்றைக் கிழித்து, இரண்டு மடிப்பாக்கி, குச்சிக்கு ஓர் அறை வீதம் தையல் போட்டுச் சுருட்டிக் கட்டும் பையாகத் தைத்துக் கொடுத்தார் நம் வீட்டு அம்மாள். அதைப் பாய் போல் விரித்தால் எல்லாக் குச்சிகளும் ஒரே பார்வையில் தெரியும். தகரப் பெட்டியைவிட இது மேலானது என்பது நம் அபிப்பிராயம்.

அறைகள் தயார். எந்த அறையில் எந்தக் குச்சி என்ற கேள்வி அப்பொழுதுதான் எழுந்தது.

வாங்கின பெட்டியில் இருந்தபடியே வைக்கலாம். எண் வரிசையில் வைக்கலாம். அடிக்கடி வேண்டியவற்றை முன்னால் வைக்கலாம். சித்திரம் எழுதுகிறவர்கள் பலரும் விரும்புவது வர்ணக் குடும்பப்படி வைப்பதைத்தான். காரணம் இருக்கிறது. ஒரு மாவிலையை எழுத ஒரு பச்சை போதாது. வெயில் படும் பக்கத்துக்கு இளம் பச்சை, நடுவுக்கு நல்ல பச்சை, மடிப்புக்குக் கரும் பச்சை என்று மூன்றாவது வேண்டும். மூன்றும் அக்கம்பக்கத்தில் இருந்தால் கை தானாகப் போய் எடுக்கும். தேடித் துழாவ வேண்டியதில்லை. துழாவாத குச்சி முட்டுவதும் இல்லை, முறிவதும் இல்லை.

முதலில் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து ஒவ்வொரு குச்சியினாலும் ஒரு சிறு கட்டம் தீட்டிக்கொள்ள வேண்டும். குச்சியின் மேற்பூச்சை நம்பக் கூடாது. பூச்சு ஒன்று சொல்லும். காகிதம் வேறொன்று சொல்லும். இந்தக் காரியத்தைப் பகல் வெளிச்சத்தில் செய்வது அவசியம். மின்சார விளக்கின் கீழே அக்காள் தங்கையாகத் தோன்றிய இரண்டு நீலங்கள் காலையில் வாசல் திண்ணையில் பார்த்தால் அந்நியர்களாகிவிடுவது உண்டு. பிறகு கட்டங்களைக் கத்தரித்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்த்தால் எது வெளுப்பு, எது கருப்பு என்பது புலப்படும். குடும்பத்துக்குள்ளே இளையது முதல் மூத்தது வரை நிறுத்த இதைவிட எளிய உபாயம் நமக்குத் தெரியவில்லை.

குடும்பங்களைப் பிரிப்பதற்கு நியூட்டன் வழிகாட்டினார். 1704-இல் வெளியான தம்முடைய ஒளியியல் நூலில் வானவில்லின் வர்ணங்களை அவர் வட்டமாக வளைத்து, ஊதாவின் வாலைச் சிவப்பின் தலையோடு சேர்த்துவிட்டார். ஸப்த ஸ்வரங்களைப் போல வர்ணமும் ஏழு இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்காக நீலத்துக்கும் ஊதாவுக்கும் நடுவே ஒரு நாற்காலி போட்டு 'இண்டிகோ'வை உட்கார வைத்தார். இண்டிகோ என்றால் வேறு யாருமில்லை, நம் அவுரிதான். 'இந்தியச் சரக்கு' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. அந்த நாற்காலிக்குச் சம்பாரண் குடியானவர்கள் கொடுத்த விலை நேயர்கள் அறிந்தது. பிகாவுக்கு 20 கட்டா நிலமென்றால் 3 கட்டாவில் அவுரி போட்டே தீரவேண்டும் என்பது வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகளின் சட்டம். 1897-இல் ஜெர்மானியர் ரசாயன அவுரியை விற்பனைக்குக் கொண்டு வந்த பிறகும் அந்த நுகத்தடி இறங்கவில்லை. 1917-இல் காந்தியடிகள் அங்கே போக வேண்டியிருந்தது. இவ்வளவும் ஒரு கருநீலக் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு பேத்திக்கு நாம் சொன்ன கதை. அவள் பாதியில் எழுந்து போய்விட்டாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, ஊதா, நீலம், பச்சை என்று ஆறு குடும்பங்கள் தகராறில்லாமல் அமைந்தன. ஒரே ஒரு வழக்குத்தான் வந்தது. பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவில் நின்றுகொண்டு ஒரு குச்சி இரண்டு பக்கமும் உரிமை கொண்டாடிற்று. பெட்டியில் அதற்கு என்னவோ ஓர் ஐரோப்பியப் பெயர். நம் வீட்டு அம்மாள் ஒரு கணம் பார்த்துவிட்டு, "மயில்கழுத்து. இதிலென்ன சந்தேகம்?" என்றார். ஜவுளிக்கடைப் படியேறி ஐம்பது வருஷம் பழகிய கண் அது. கிளிப்பச்சை, பாசிப்பச்சை, வெந்தயம், அரக்கு, வாடாமல்லி, கத்தரிப்பூ, மாம்பழம் என்று நம் பெண்மணிகளின் நாவில் உள்ள பட்டியலுக்கு முன்னால் எந்தக் கம்பெனியின் பட்டியலும் நிற்காது. மயில்கழுத்தை நீலத்தின் கடைசி அறையில், பச்சைக்கு அண்டை வீடாக வைத்தோம்.

நிற்க. ஆறு குடும்பங்களும் குடியேறிய பிறகு பையின் ஓரத்தில் சில குச்சிகள் வீடில்லாமல் கிடந்தன. வெள்ளை, சாம்பல், கறுப்பு இவற்றை விட்டுவிடலாம். அவை எங்கும் ஒட்டாதவை. மற்றவை பழுப்புகள். காவி, செங்கல், காப்பிக்கொட்டை, மரப்பட்டை நிறங்கள். பெட்டிகளிலும் அவற்றைப் பெரும்பாலும் கறுப்புக்குப் பக்கத்தில், கடைசியாகத் தள்ளியிருப்பார்கள். வானவில்லில் பழுப்பு இல்லை. நியூட்டனுடைய வட்டத்திலும் அதற்கு இடம் கிடையாது. அப்படியானால் அது எங்கிருந்து வந்தது?

விடை வேடிக்கையானது. பழுப்பு என்பது ஒளி குறைந்த ஆரஞ்சுதான். ஆரஞ்சின் வெளிச்சத்தைக் குறைத்து, சுற்றிலும் அதைவிடப் பிரகாசமான வெள்ளையை வைத்துவிட்டால் கண் அதைப் பழுப்பு என்கிறது. ஐயமுள்ளவர்கள் ஆரஞ்சுக் கட்டத்தின் மேல் கொஞ்சம் கறுப்பைத் தேய்த்துப் பார்க்கலாம். ஆகவே பழுப்புகள் அநாதைகள் அல்ல. ஆரஞ்சுக் குடும்பத்துப் பெரியவர்கள். மனிதன் முதன்முதலில் கையாண்ட வர்ணங்களும் இந்த மண் வர்ணங்களே. இத்தாலியில் ஸியேனா என்ற ஊரின் பெயரைத் தாங்கிய மஞ்சள் மண் ஒன்று உண்டு. அதைச் சுட்டால் சிவந்துவிடும். மண்ணிலுள்ள இரும்பு தன்னோடு சேர்ந்த நீரை இழப்பதனால் நேரும் மாறுதல் இது. சித்திரக்காரர்கள் பச்சை ஸியேனா, சுட்ட ஸியேனா என்று இரண்டையும் போற்றுவார்கள். நம் ஊர்ச் செங்கல் சூளையில் தினந்தோறும் நடக்கும் விஷயம் இதுதான்.

இப்படி ஆரஞ்சையும் பழுப்பையும் ஒரே வரிசையாக்கிக்கொண்டிருந்தபோது பேத்தி வேறொரு பெட்டியிலிருந்து ஒரு மரப் பென்ஸிலை எடுத்து வந்தாள். எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. வெளுத்த ரோஜா நிறம். அதன் மேல் 'தோல்' என்று பொருள்படும் இங்கிலீஷ் வார்த்தை பொறித்திருந்தது. ஏழு வயதுக் குழந்தை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "தாத்தா, இது யாருடைய தோல்?" என்று கேட்டாள்.

நாம் வீட்டிலுள்ளவர்களை ஒரு முறை சுற்றிப் பார்த்தோம். உரிமையாளர் யாரும் அகப்படவில்லை. ஆனால் பள்ளிக்கூடத்து நோட்டுப் புஸ்தகத்தில் அவள் எழுதியிருந்த அம்மா, அப்பா, தாத்தா எல்லோருக்கும் அந்த ரோஜா நிறந்தான் பூசியிருந்தது. பென்ஸிலில் அச்சடித்திருக்கும்போது குழந்தை வேறு என்ன செய்யும்?

இது நம் தேசத்துக்கு மட்டும் நேர்ந்த சங்கடம் அல்ல. அமெரிக்காவில் கிரேயோலா கம்பெனி 'சதை நிறம்' என்று வைத்திருந்த பெயரை 1962-இல் 'பீச்' பழத்தின் பெயராக மாற்றிற்று. 'இந்தியச் சிவப்பு' என்ற பெயரை 1999-இல் எடுத்துவிட்டார்கள். அந்தப் பெயர் நம் நாட்டுச் செம்மண் சாயத்தினால் வந்தது. அங்குள்ள குழந்தைகளோ அதைச் செவ்விந்தியரின் மேனி நிறம் என்று எண்ணிக்கொண்டதாக ஆட்சேபம் எழுந்தது. 2020-இல் அதே கம்பெனி மனித மேனிக்கென்று 24 நிறங்களை ஒரே பெட்டியில் கொண்டு வந்தது. நல்ல காரியந்தான், சற்று நிதானமாக வந்து சேர்ந்தது.

நம் முன்னோருக்கு இந்தக் குழப்பம் இருந்ததாகத் தெரியவில்லை. சங்க நூல்களில் தலைவியின் அழகுக்குப் பெயர் மாமை. மாந்தளிரின் நிறம் அது. மாவின் புதுத்தளிர் பச்சையாக இராது என்பதை மரத்தடியில் நின்று பார்த்தவர்கள் அறிவார்கள். செம்பும் பழுப்பும் கலந்து மினுமினுக்கும். தலைவன் பிரிந்த துயரத்தில் அந்த மாமை போய் மேனி வெளிறினால் அதற்குப் பசலை என்று பெயர். அதாவது வெளுப்பு நோய்க்கு அடையாளம்! மாநிறம் என்று இன்றும் வீடுகளில் சொல்கிறோம். ஆனால் பெண் பார்க்கும் பேச்சில் அந்தச் சொல் ஏனோ தொண்டையில் சிக்கிக்கொண்டுதான் வெளியே வருகிறது. 'நிறம் கொஞ்சம் மட்டு' என்று தரகர் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஏழு வயதில் கையில் கொடுத்த பென்ஸிலுக்கும் இருபத்தைந்து வயதில் கேட்கும் அந்த வார்த்தைக்கும் சம்பந்தம் உண்டு என்பது நம்முடைய திடமான எண்ணம்.

அந்த ரோஜா நிறப் பென்ஸிலை என்ன செய்வது? தூக்கி எறியலாம் என்றார் நம் மருமகள். நாம் சம்மதிக்கவில்லை. தாளில் ஒரு கட்டம் தீட்டிப் பார்த்தோம். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தபோது அது எந்தக் குடும்பம் என்பது தெளிவாயிற்று: வெள்ளை மிகுதியாகக் கலந்த ஆரஞ்சு. பழுப்புகளின் சொந்தத் தங்கை! மனித மேனியில் வெளுத்ததும் கறுத்ததும் இந்த ஒரே வரிசையில் அடங்கிவிடும். தோலிலுள்ள மெலனின் என்ற சாயம் கூடினால் இந்தக் கோடி, குறைந்தால் அந்தக் கோடி. ஆகவே, பெயர் பொறித்த இடத்தைச் சீவிவிட்டு, ரோஜா நிறத்தை முதலிலும், பிறகு ஆரஞ்சு, காவி, செங்கல், காப்பிக்கொட்டை என்றும் வரிசைப்படுத்தி, பையின் நடுவில் குடியேற்றினோம். மர உடுப்போடு அந்த வரிசையில் இருப்பது அது ஒன்றுதான்.

மறுநாள் பேத்தி அம்மாவின் முகத்தை மறுபடி எழுதினாள். அடியில் காவியைப் படுக்க வைத்து லேசாக இழுத்தாள். அதன் மேல் செங்கல். மூக்கின் ஓரத்துக்கும் கழுத்தின் கீழும் காப்பிக்கொட்டை. நிழலுக்குக் கொஞ்சம் ஊதா பூசும்படி நாம் சொன்னோம்; வேண்டாம் என்றுவிட்டாள். காது இரண்டும் ஒரே பக்கத்தில் இருந்தபோதிலும், பார்த்த மாத்திரத்தில் அது இன்னார் என்று சொல்லிவிடலாம். மருமகள் அதை வாங்கிக்கொண்டு வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை.

இப்பொழுது பையை விரித்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது. மற்றக் குடும்பங்கள் ஏறக்குறைய வாங்கின நீளத்திலேயே நிற்கின்றன. காவியும் செங்கலும் காப்பிக்கொட்டையும் கட்டைவிரல் அளவாகிவிட்டன. மரமில்லாத குச்சியில் ஒரு சௌகரியம், கட்டைவிரல் அளவிலும் அது முழு வர்ணமே. எனினும் மேலும் வேண்டுமே என்று உதிரியாக விற்கும் கடைக்குப் போனோம். நீலமும் ரோஜாவும் வந்த ஜோரில் போய்விடுகின்றனவாம். "பழுப்பா? யாரும் கேட்கிறதில்லை, ஸார். எத்தனை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார் கடைக்காரர். ஆறு குச்சிகள் வாங்கி வந்தோம்.