பிறர் துயரத்தைக் காட்சியாக்கலாமா?

மக்ரிப் தொழுகைக்குப் பின் மதரஸாவில் பாடம் தொடங்கவிருந்த நேரம். உண்மைக் கொலை வழக்கு ஒன்றைத் தழுவி எடுத்த தொடரைப் பற்றி மாணவர் இருவர் ஆர்வத்துடன் பேசிக்கொண்டிருந்தனர். கண்டிக்க வாயெடுத்தோம், சொல் எழவில்லை. நம்முடைய பழைய பிழை ஒன்று நெஞ்சை உறுத்தியது.

2019 மார்ச் 15, வெள்ளிக்கிழமை. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் இரு பள்ளிவாசல்களில் ஜும்ஆவுக்குக் கூடியிருந்தோரை ஒருவன் சுட்டான். 51 பேர் ஷஹீதானார்கள். அக்கொடுமையை அவனே முகநூலில் நேரலையாகப் பரப்பினான். அதன் ஒரு துண்டு நம் கைப்பேசிக்கும் வந்தது. பார்த்தோம். "துஆச் செய்யுங்கள்" என்று எழுதி இரண்டு குழுக்களுக்கு அனுப்பியும் வைத்தோம். நற்செயல் என்றே அன்று எண்ணினோம்.

2021 ஜூனில், அந்தப் படுகொலைக்குப் பிந்தைய நாட்களை வைத்து 'தே ஆர் அஸ்' என்னும் திரைப்படம் அறிவிக்கப்பட்டது. அதன் மையப் பாத்திரம் அன்றைய பிரதமர் ஜெசிந்தா ஆர்டெர்ன். அந்நாட்டு முஸ்லிம்கள் எதிர்த்தனர்; பல்லாயிரம் பேர் கையொப்பமிட்டனர். சொல்லப்பட வேண்டிய கதை தம்முடையதன்று என்று பிரதமரே கூறினார். தயாரிப்பாளர் ஒருவர் விலகினார். பணிகள் நிறுத்தி வைக்கப்பட்டன. அச்செய்தியைப் படித்தபோதுதான் நாம் செய்தது இன்னதென்று நமக்கு விளங்கியது.

"நடந்ததைத்தானே காட்டுகிறோம்" என்பர் இத்தகைய படங்களை எடுப்போர். மார்க்கம் இந்த வாதத்தை ஏற்பதில்லை. ஒருவரிடம் உள்ளதையே அவர் வெறுக்கும்படி பேசினால் அது புறம்; இல்லாததைச் சொன்னால் அவதூறு. உண்மைக் குற்றத்தை நாடகமாக்குவோர் பெரும்பாலும் இவ்விரண்டின் எல்லையிலும் நடக்கின்றனர். இறந்தவரின் இறுதி நேரத்தைக் காட்டுகின்றனர். அவர் சொல்லாத சொற்களை அவர் வாயில் வைக்கின்றனர்.

அப்படியானால் அநீதியைப் பேசவே கூடாதா? பேசலாம். அநீதி இழைக்கப்பட்டவர் தம் துயரை எடுத்துரைப்பது புறமாகாது என்று அறிஞர்கள் விதிவிலக்கு அளித்துள்ளனர். ஆனால் அந்த உரிமை அவருடையது. 2020 ஆகஸ்டில் கொலையாளிக்குத் தண்டனை விதிக்கப்படுமுன், உயிர் தப்பியோரும் இறந்தோரின் குடும்பத்தாருமாக ஏறத்தாழ 90 பேர் நீதிமன்றத்தில் தம் வேதனையைச் சொன்னார்கள். சொல்லத் தெரியாதவர்கள் அல்லர் அவர்கள். அவர்களை முதலில் கேட்காமல் அவர்கள் துயரைப் பிறர் கதையாக்குவதே தவறு.

நபி (ஸல்) அவர்களின் சிறிய தந்தை ஹம்ஸா (ரலி) அவர்களை உஹதுப் போரில் கொன்றவர் வஹ்ஷி. பல ஆண்டுகளுக்குப் பின் அவர் இஸ்லாத்தைத் தழுவி வந்தார். நபியவர்கள் அவரை ஏற்றார்கள், பழிவாங்கவில்லை. ஆயினும், தம் பார்வையில் படாமல் இருக்குமாறு கேட்டுக்கொண்டார்கள். மன்னித்த உள்ளத்திற்கே கொன்றவரின் முகம் அத்தனை பாரமானது. எனில், கொலையாளியின் முகத்தைச் சுவரொட்டியிலும் திரையிலும் மீண்டும் மீண்டும் காணும் ஒரு தாயின் நிலை என்ன?

மாணவர்களிடம் இவை அனைத்தையும், நம் பிழையையும் மறைக்காமல் சொன்னோம். சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. பின் இளையவன் கேட்டான்: "ஹஜ்ரத், நீங்கள் அனுப்பியதை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்?"

நம்மிடம் பதில் இல்லை. அந்த எண்ணிக்கை அல்லாஹ்விடம் இருக்கிறது. அவன் நம்மை மன்னிப்பானாக; பிறர் துயரின் கண்ணியத்தைக் காக்கும் கண்களை நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் தருவானாக. ஆமீன்.