காலும் கையும் நெறியும்

பாபநாசத்தை அடுத்த ராஜகிரியும் பண்டாரவாடையும் சபுராளிகளின் ஊர்கள். கடல் கடந்து சென்றோர் மலேயாவிலிருந்து கொணர்ந்த பொருள்கள் பல. எங்கள் குடும்பத்துக்கு அவ்வழியே வந்து சேர்ந்தது டேக்வாண்டோ என்னும் கொரியத் தற்காப்புக் கலை. 1955இல் அப்பெயரை முன்மொழிந்தவராக அறியப்படும் தளபதி சோய் ஹாங் ஹி, 1962இல் தென்கொரியத் தூதுவராகக் கோலாலம்பூர் வந்தார். அவர் அங்குப் பரப்பிய கலையை என் மைத்துனரின் மக்களும் கற்றனர். விடுமுறையில் ஊர் வந்த அவர்கள் முற்றத்தில் காலை வீசிக் காட்டியபோது, கந்தூரி ஊர்வலங்களில் சிலம்பம் சுற்றிய எங்கள் பெரியவர்கள் நகைத்தார்கள். காலடி வைக்கும் முறையைக் கண்டபின் நகைப்பு அடங்கிற்று. கம்பு இல்லையே தவிர, அடி வைப்பில் உறவு தெரிந்தது.

'டே' என்றால் கால், 'க்வான்' என்றால் கை முட்டி, 'டோ' என்றால் நெறி.

இன்று என் மகள் வயிற்றுப் பேத்தி, பதின்மூன்று வயதினள், தஞ்சையில் இதனைப் பயில்கிறாள். வீட்டில் இரு வினாக்கள் எழுந்தன. பருவமெய்திய பெண் உதைக்கப் பழகுவதா என்பது ஒன்று. ஆசிரியர் முன்னும் எதிராளி முன்னும் குனிவது ருகூஉவை ஒக்காதா என்பது மற்றொன்று. முன்னது ஊர்வாய், அதனை மூடப் புறப்பட்டவர் எவரும் வென்றதில்லை. பின்னது ஈமானைத் தொடுவதாயிற்றே! பயிற்றுநரிடமே சென்று கேட்டோம். "மரியாதைதான் வேண்டும், நெஞ்சில் கைவைத்து நின்றாலே போதும்" என்றார் அவர். மாற்றுச் சமயத்தவர், எங்கள் தயக்கத்தை ஒரு நொடியில் புரிந்துகொண்டார்.

தலைமுக்காடு பற்றிய தடையும் ஒரு காலத்தில் இருந்தது. 2007இல் கனடாவின் மாண்ட்ரியல் அருகே, முக்காடு அணிந்த சிறுமியர் அணியொன்று போட்டியினின்று விலக்கப்பட்டது. 2009இல் உலகக் கூட்டமைப்பு அதற்கு இசைவளித்தது. 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் பதினெட்டு வயது கிமியா அலிசாதே முக்காட்டுடன் ஆடி வெண்கலம் வென்றார். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் ஈரானியப் பெண் அவரே. அப்படத்தை என் பேத்தி தன் பாடநூலுள் வைத்திருக்கிறாள்.

பயன் என்னவென்று கேட்பீர்கள். உடல் வலுவும் உறக்கமும் பசியும் கூடியதை அவள் தாய் சொல்வாள். நான் கண்டது வேறு. எதிரே நிற்பவள் முகத்துக்கு நான்கு விரற்கடை முன்பே பாதத்தை நிறுத்தப் பழக்குகிறார்கள். உதைப்பதைவிட நிறுத்துவதே அரிது. முன்பெல்லாம் கதவு சாத்தும் ஓசைக்கே துணுக்குறுபவள் அவள். அண்மையில் தஞ்சைப் பேருந்து நெரிசலில் ஒருவன் வேண்டுமென்றே உராய்ந்தபோது, திரும்பி நின்று, "தள்ளி நில்லுங்கள்" என்றாளாம். வண்டியே திரும்பிப் பார்க்க, அவன் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டான். "காலைத் தூக்கல நன்னா, குரலைத்தான் தூக்கினேன்" என்றாள் என்னிடம்.

இடையில் கட்டும் பட்டையின் நிறங்களுக்கு சோய் பொருள் வகுத்திருக்கிறார்: மஞ்சள், வித்து வேர்கொள்ளும் மண், பச்சை, வளரும் பயிர், நீலம், பயிர் நிமிர்ந்து நோக்கும் வானம். எங்கள் வண்டல் மஞ்சளன்று என்பது ஒருபுறமிருக்க, நடவு கண்டவனுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. அவள் இப்போது பச்சையில் இருக்கிறாள். அடுத்த தேர்வு சம்பா அறுவடைக்குப் பின்.