தையலை யார் பார்த்தார்கள்?

எங்கள் குழுவில் நான்கு பெண்கள். நான்கு பேரும் காலனியில் பிறந்தவர்கள். நான்கு பேரும் அரசு மருத்துவமனையில் பிள்ளை பெற்றவர்கள். நான்கு பேருக்கும் தையல் போட்டிருக்கிறார்கள். பஞ்சமி நிலம் பற்றியும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பற்றியும் வருடக்கணக்கில் மேடை போட்டுப் பேசியிருக்கிறோம். அந்தத் தையலைப் பற்றி மட்டும் எங்களுக்குள்கூடப் பேசிக்கொண்டதில்லை.

பேச வைத்தவள் இருபது வயதுத் தங்கை ஒருத்தி. மகப்பேறு உதவித்தொகை வரவில்லை என்று சொன்னதால் அவள் வீட்டுக்குப் போனோம். பிரசவமாகி ஒன்பதாவது நாள். சுவரில் சாய்ந்து ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா, கால் மரத்துப்போச்சா?"

"இல்லக்கா, உக்கார முடியல. தையல் போட்ட எடம் தெறிக்குது."

மெதுவாகக் கேட்கக் கேட்கத்தான் சொன்னாள். நான்கு நாளாக மலம் கழிக்கவில்லை. பச்சை உடம்புக்காரி தண்ணீர் குடித்தால் புண் ஆறாது என்று மாமியார் தம்ளர் கணக்கில் அளந்து கொடுக்கிறார். அது பாதிக் காரணம்தான். வீட்டுக்கு அரசு கட்டிக்கொடுத்த கழிப்பறையில் குழாய் இல்லை, விறகு அடுக்கியிருக்கிறது. ஒதுங்க ஏரிக்கரைக்குத்தான் போகவேண்டும், அதுவும் இருட்டிய பிறகு. அதனால் அவளே தண்ணீரைக் குறைத்துக்கொண்டாள். "வீட்டுக்கு அனுப்புறப்ப தையலைப் பாத்தாங்களாம்மா?" என்று கேட்டோம். யாரும் பார்க்கவில்லை.

அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போனோம். ஓரத்தில் சீழ் வைத்திருந்தது. மருந்து கொடுத்தார்கள். ஆறிவிட்டது.

திரும்பி வரும்போது பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து எங்கள் கதைகளைப் பேசினோம். ஒருத்திக்கு மரத்துப்போகும் ஊசி வேலை செய்வதற்கு முன்பே தைத்திருக்கிறார்கள். கத்தியதற்கு, "உங்க ஆளுங்களுக்கு இதெல்லாம் தாங்கும்" என்று பதில் வந்திருக்கிறது. இன்னொருத்திக்குப் பக்கத்துக் கட்டில் பெண்ணின் தையலைக் குனிந்து பார்த்தவர்கள், இவளிடம் வந்ததும் எந்தத் தெரு என்று கேட்டுவிட்டு நின்ற இடத்திலிருந்தே "நல்லா இருக்கு" என்று சொல்லிப் போயிருக்கிறார்கள். மூன்றாமவள் பதினைந்தாம் நாள் செங்கல் சூளைக்குத் திரும்பியவள். நான்காமவள் எதுவும் சொல்லவில்லை, அழுதாள்.

இது புதிய கதை இல்லை. 1929இல் கத்தியவாரில் தீண்டப்படாத சமூகத்து ஆசிரியர் ஒருவரின் மனைவி பிரசவமான இரண்டு நாளில் நோயில் விழுந்தார். மருத்துவர் சேரிக்குள் வர மறுத்தார். காய்ச்சல் பார்க்கும் கருவியை ஒரு இஸ்லாமியர் கையில் கொடுத்தார். அவர் கணவரிடம் கொடுத்தார், கணவர் மனைவியிடம் கொடுத்தார். அதே வழியில் அது திரும்பியது. மருத்துவர் தொடவே இல்லை. அந்தப் பெண் இறந்துபோனார். கணவர் எழுதிய கடிதத்தை அண்ணல் அம்பேத்கர் தன் வாழ்க்கைக் குறிப்புகளோடு சேர்த்து எழுதிவைத்திருக்கிறார். இன்று நம்மை மருத்துவமனைக்குள் சேர்த்துக்கொள்கிறார்கள். குனிந்து பார்க்கிறார்களா என்பதுதான் கேள்வி.

நாங்கள் மருத்துவர்கள் இல்லை. செவிலியர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு இப்போது வீடு வீடாகச் சொல்வதை உங்களுக்கும் சொல்கிறோம்.

முதல் நாள் வீக்கத்துக்கு ஐஸ் கட்டியைச் சுத்தமான துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வைக்கலாம். அடுத்த நாளிலிருந்து, நன்றாகக் கழுவிய அகலமான பேசினில் இளஞ்சூட்டுத் தண்ணீர் ஊற்றி, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை, பத்துப் பதினைந்து நிமிடம் உட்காரலாம். கொதிக்கக் கொதிக்க வெந்நீர் வேண்டாம். மஞ்சள், சாம்பல், டெட்டால் எதையும் தையல்மேல் போட வேண்டாம். சிறுநீர் கழிக்கும்போது வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் எரிச்சல் குறையும். கழுவுவது எப்போதும் முன்னிருந்து பின்னாக. பிறகு தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். நாப்கினோ துணியோ, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். துணியை வெயிலில் காயப்போட வேண்டும், கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைத்து அல்ல.

தண்ணீர் நிறையக் குடிக்கட்டும். கீரையும் பழமும் சாப்பிடட்டும். மலம் இறுகினால்தான் தையல் இழுபடும். பால் கொடுக்கும் தாய் வலிக்குப் பாராசிட்டமால் போடலாம், அளவைச் செவிலியர் சொல்வார். ஒருக்களித்துப் படுத்தபடி பால் கொடுத்தால் தையல்மேல் பாரம் விழாது. பெரும்பாலும் நூல் தானே கரைந்துவிடும். இரண்டு மூன்று வாரத்தில் வலி நன்றாகக் குறைய வேண்டும். குறையாமல் கூடினால், நாற்றமோ சீழோ காய்ச்சலோ வந்தால், தையல் விட்டுப்போனால், சிறுநீரோ மலமோ தெரியாமல் கசிந்தால், அன்றே மருத்துவமனை. ஒரு மணி நேரத்தில் நாப்கின் முழுக்க நனைகிற ரத்தப்போக்கு என்றால் உடனே 108.

எழுத எளிதாக இருக்கிறது. ஆனால் மூன்று முறை பேசினில் உட்காரவே மூன்று குடம் தண்ணீர் வேண்டும். எங்கள் தெருவுக்குத் தண்ணீர் இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் வருகிறது. ஓய்வு என்கிறோம். 26 வாரச் சம்பள விடுப்பு தரும் சட்டம் செங்கல் சூளைக்கு எட்டிப் பார்ப்பதில்லை. புண் ஆறுவதற்குத் தண்ணீர், ஓய்வு, அக்கறையோடு பார்க்க ஒரு கண் மூன்றும் வேண்டும். மூன்றையும் சாதி பார்த்தே பங்கிட்டிருக்கிறார்கள். தனிப்பட்ட வலி என்று நாங்கள் வாய்மூடி இருந்தது தவறு.

வெட்டுப் போடுவதே எல்லோருக்கும் தேவையில்லை. இயல்பான பிரசவத்தில் அதை வழக்கமாகச் செய்வதைப் பரிந்துரைக்கவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. ஏன் வெட்டினீர்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

களத்துக்குப் போகும் தம்பி தங்கைகளே, மனு எழுதப் போகும் வீட்டில் பச்சை உடம்புக்காரி இருந்தால், பெண் தோழர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, "தையல் எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். சுகாதாரச் செவிலியர் வீட்டுக்கு வந்து பார்த்தாரா என்று கேளுங்கள். வரவில்லை என்றால் அதையும் மனுவில் எழுதுங்கள். கழிப்பறைக்குக் குழாய் கேட்டு எழுதுங்கள்.

அந்தத் தங்கையின் கழிப்பறையிலிருந்த விறகை நாங்கள் நான்கு பேரும் சேர்ந்து வெளியே எடுத்துப்போட்டோம். குழாய்க்கு மனு கொடுத்திருக்கிறோம். வரும்வரை பக்கத்து வீட்டுப் பெண்கள் முறைவைத்து ஆளுக்கொரு குடம் ஊற்றுகிறார்கள். மாமியாரும்தான்.